இரண்டு எல்லைகளுக்கு நடுவே ஓர் எண்



போர் நடக்கும் நாடு எதுவானாலும் செய்தியில் ஓர் எண் வரும். இத்தனை ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று ஒரு தரப்புச் சொல்லும். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று மறு தரப்புச் சொல்லும். இரண்டையும் வாசித்துவிட்டு அறிவிப்பாளர் அடுத்த செய்திக்குப் போய்விடுவார். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களில் பலருக்கு அப்படிப் போய்விட முடிவதில்லை. அந்த எண்ணுக்குள் எங்கள் வீட்டு ஆட்களும் இருக்கிறார்கள், அல்லது இருக்கக்கூடும்.

ஓர் எண்ணை எந்தளவுக்கு நம்பலாம்? இந்தக் கேள்விக்கு நூறு வருடங்களுக்கும் மேலாகப் புள்ளிவிபரவியல் அறிஞர்கள் விடை தேடி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட வழிகளில் ஒன்றின் பெயர் 'நம்பிக்கை ஆயிடை'. மதிப்பீட்டைத் தனி எண்ணாகச் சொல்லாமல், 'இதற்குக் கீழே போகாது, இதற்கு மேலே போகாது' என்று இரண்டு எல்லைகளோடு சொல்வதே ஆயிடை. தரவுகளில் சில பிழைத்துப்போனாலும் அந்த எல்லைகள் குலையாமல் நிற்குமா என்பது அடுத்த கேள்வி. குலையாமல் நிற்பவற்றை 'உறுதியான நம்பிக்கை ஆயிடை' என்று சொல்லலாம். அது எப்படி வந்தது என்பதும், எங்களைப் போன்றவர்களுக்கு அது ஏன் தேவை என்பதுமே இம்மாத உரை. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூட்டவும் கழிக்கவும் பிரிக்கவும் தெரிந்தால் போதும்.

பியர் ஆலையில் ஒரு 'மாணவன்'

1899 ஆம் ஆண்டு வில்லியம் கொசெற் என்ற ஆங்கிலேய இளைஞர், ஒக்ஸ்போர்ட்டில் கணிதமும் இரசாயனமும் படித்து முடித்துவிட்டு, அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள கின்னஸ் பியர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். எந்த வாற்கோதுமை நல்லது, எந்த நிலத்தில் கூட விளைகிறது என்று பார்ப்பது அங்கே முக்கியமான வேலை. ஆனால் ஒரு பரிசோதனைக்கு ஒரு முழுப் பருவம் காத்திருக்க வேண்டும். ஆகவே கையில் கிடைப்பது நாலைந்து அளவீடுகள் மட்டுமே. லப்பிளாஸ், கவுஸ் போன்ற பழைய மேதைகள் விட்டுச் சென்ற சூத்திரங்களோ நூற்றுக்கணக்கான அளவீடுகள் இருந்தால்தான் சரியாக வேலை செய்யும்.

நாலைந்து அளவீடுகளை வைத்துக்கொண்டு சராசரியை எந்தளவுக்கு நம்பலாம் என்று கொசெற் கணக்குப் போட்டார். 1908 இல் அது ஒரு கட்டுரையாக வெளிவந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை ஆலை அனுமதிக்காததால் 'மாணவன்' என்ற புனைபெயரில் எழுதினார். இன்றும் பல்கலைக்கழகங்களில் அந்தச் சோதனை 'மாணவன்' என்ற பெயரிலேயே வழங்குகிறது. தன் கணக்குச் சரிதானா என்று பார்க்க 3,000 சிறைக்கைதிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலக்கி, நான்கு நான்காக 750 கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் கையால் கணக்குப் பார்த்தார். கணனி இல்லாத காலம் அது.

அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அளவீடுகள் 'செவ்வன் பரம்பல்' என்ற மணி வடிவத்தில் அமைந்திருக்க வேண்டும். அதாவது பெரும்பாலானவை நடுவில் திரண்டு நிற்க வேண்டும். விலகிப் போகப் போக எண்ணிக்கை விரைவாகக் குறைய வேண்டும். மனிதரின் உயரம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. வருமானம், நோய், போர்ச்சாவு போன்றவை அப்படி இருப்பதில்லை. பின்னாளில் வந்த சிக்கல்களில் பெரும்பகுதி இந்த நிபந்தனையில் இருந்துதான் தொடங்கியது.

எல்லை தாண்டி வந்த நெய்மன்

ஆயிடைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் யேர்சி நெய்மன். 1894 இல் இன்றைய மொல்டோவாவிலுள்ள பென்டெரி என்ற ஊரில் ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அது ரஷ்யப் பேரரசின் பகுதி. கார்கிவ் நகரில் படித்து அங்கேயே கற்பித்தார். ரஷ்யாவும் போலந்தும் போர் புரிந்த 1920 இல் 'எதிரி நாட்டவர்' என்று சில வாரங்கள் சிறையில் அடைக்கப்பட்டார். 1921 இல் இரு நாடுகளும் ஆட்களைப் பரிமாறிக்கொண்டபோதுதான், தன் 27 ஆவது வயதில், முதன்முறையாகப் போலந்து மண்ணை மிதித்தார். அங்கே ஒரு விவசாய ஆய்வு நிறுவனத்தில் புள்ளிவிபர வேலை கிடைத்தது. 1934 இல் இலண்டன், 1938 இல் அமெரிக்காவின் பேர்க்லி என்று அவருடைய பயணம் தொடர்ந்தது. 1981 இல் காலமானார்.

1934 ஆம் ஆண்டு யூன் மாதம் இலண்டனில் அரச புள்ளிவிபரவியல் கழகத்தின் முன் நெய்மன் ஒரு கட்டுரை வாசித்தார். அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று இத்தாலியுடையது. 1921 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்புப் படிவங்களை வைக்க இடம் போதாததால், நாட்டின் 214 மாவட்டங்களில் 29 ஐ மட்டும் வைத்துக்கொள்வது என்று இத்தாலிய அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அந்த 29 ஐயும் மிகக் கவனமாகத் தெரிவு செய்தார்கள். சில முக்கிய விடயங்களில் அவற்றின் சராசரி முழு நாட்டின் சராசரியோடு ஒத்துப்போனது. ஆனால் வேறு விடயங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒத்துப்போகவில்லை. நாங்களாகப் பார்த்துப் பொறுக்கும் மாதிரியை நம்ப முடியாது, சீட்டுக் குலுக்குவது போல எழுமாறாக எடுத்தால்தான் பிழை எவ்வளவு என்று கணக்கிடலாம் என்பதை நெய்மன் நிறுவினார். அப்படி எடுத்த மாதிரியில் இருந்து கட்டும் எல்லைகளுக்கு 'நம்பிக்கை ஆயிடை' என்று பெயரும் வைத்தார். அங்கிருந்த பேராசிரியர் பௌலி, இந்த 'நம்பிக்கை' நம்பவைத்து ஏமாற்றும் வித்தையோ என்று தனக்கு ஐயம் இருப்பதாகச் சொன்னார். 1937 இல் நெய்மன் முழுக் கோட்பாட்டையும் விரித்து எழுதினார்.

'95 சதவீத நம்பிக்கை' என்றால் என்ன? களப்பில் வீச்சுவலை வீசுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது. வலைதான் ஒவ்வொரு வீச்சிலும் சற்று வேறிடத்தில் விழுகிறது. நூறு தடவை வீசினால் சுமார் 95 தடவை மீனை மூடும் வலை நல்ல வலை. உண்மையான எண்தான் மீன். மாதிரியில் இருந்து நாங்கள் கட்டும் ஆயிடைதான் வலை. இன்று வீசிய இந்த ஒரு வீச்சுக்குள் மீன் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வலை எப்படிப்பட்டது என்று மட்டுமே சொல்லலாம்.

ஒன்பது குடும்பங்களின் கணக்கு

வலையில் கிழிசல் எங்கே வருகிறது என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். ஒரு நகரத்தில் வாழும் எங்கள் குடும்பங்களில் ஒன்பதை எழுமாறாக எடுத்து, கடந்த மாதம் ஊருக்கு எவ்வளவு காசு அனுப்பினீர்கள் என்று கேட்கிறோம். பதில்கள்: 50, 80, 100, 110, 120, 150, 160, 200, 2,000. கடைசிக் குடும்பம் அந்த மாதம் தங்கையின் கலியாணத்துக்கு அனுப்பியிருக்கலாம். அல்லது 200 என்று எழுத வேண்டியவர் ஒரு பூச்சியத்தைக் கூடப் போட்டிருக்கலாம்.

கூட்டி ஒன்பதால் பிரித்தால் சராசரி 330. ஒன்பதில் எட்டுக் குடும்பங்கள் 200 இற்கு மேல் அனுப்பவில்லை. சராசரியோ 330 என்கிறது. கொசெற்றின் முறைப்படி 95 சதவீத ஆயிடை கட்டினால் நிலைமை இன்னும் மோசம். கீழ் எல்லை சய 153, மேல் எல்லை 813. சய 153 என்றால் ஊரில் இருந்து இவர்களுக்குக் காசு வருகிறது என்று அர்த்தம்! ஒரேயொரு எண் முழு வேலியையும் சாய்த்துவிட்டது.

இனி இன்னொரு வழி. எண்களைச் சிறியதில் இருந்து பெரியது வரை வரிசையாக வைத்து நடுவில் உள்ளதை எடுப்போம். அது ஐந்தாவது எண், 120. இதற்கு 'இடையம்' என்று பெயர். இடையத்துக்கும் ஓர் ஆயிடை கட்டலாம். அதற்குச் சூத்திரம்கூட வேண்டாம், நாணயம் சுண்டத் தெரிந்தால் போதும்.

நகரத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் உரிய உண்மையான இடையம் என்றால், பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலே, பாதிக் குடும்பங்கள் கீழே. ஆகவே எழுமாறாக எடுத்த ஒரு குடும்பம் மேலே இருப்பதா கீழே இருப்பதா என்பது தலையா பூவா என்பது போலத்தான். ஒன்பது குடும்பம் என்றால் ஒன்பது சுண்டல். அவை 512 விதமாக விழலாம். ஒன்பதும் தலையாக விழுவது ஒரு விதம். எட்டுத் தலையும் ஒரு பூவுமாக விழுவது ஒன்பது விதம். பூவின் பக்கமும் அப்படியே பத்து விதம். இந்த 20 விதங்களில் மட்டுமே உண்மையான இடையம் எங்கள் வரிசையின் இரண்டாவது எண்ணுக்குக் கீழேயோ எட்டாவது எண்ணுக்கு மேலேயோ போகும். 512 இல் 20 என்றால் 3.9 சதவீதம். ஆகவே இரண்டாவது எண் முதல் எட்டாவது எண் வரை, அதாவது 80 முதல் 200 வரை, 96 சதவீத நம்பிக்கை ஆயிடை.

இதில் மணி வடிவம் என்ற நிபந்தனை எங்கேயும் இல்லை. கடைசிக் குடும்பம் 2,000 அனுப்பினாலும் 20,000 அனுப்பினாலும் எல்லைகள் அசையா. இதைத்தான் உறுதி என்கிறோம். ஆனால் அந்த உறுதிக்கும் ஓர் அளவு உண்டு. மேல் பக்கத்தில் இரண்டு பேர் பிழையாக எழுதியிருந்தால் எட்டாவது எண்ணும் கெட்டுவிடும்.

இடையத்துக்கு இப்படி ஆயிடை கட்டலாம் என்று 1936 இல் வில்லியம் தொம்சன் காட்டினார். 1940 இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தைச் சேர்ந்த கே. ஆர். நாயர், எத்தனை அளவீடு இருந்தால் எத்தனையாவது எண்ணை எல்லையாக வைப்பது என்று ஓர் அட்டவணை தயாரித்து, அந்த நிறுவனத்தின் 'சங்க்யா' சஞ்சிகையில் வெளியிட்டார்.

ஆயிரத்தில் இரண்டு

வழிகள் இருந்தும் பல காலம் பெரும்பாலான ஆய்வாளர்கள் மணி வடிவத்தையே நம்பினார்கள். கணக்குச் சுலபம், பாடப்புத்தகமும் அதையே சொன்னது. 1953 இல் ஜோர்ஜ் பொக்ஸ் என்ற ஆங்கிலேயர், எடுத்துக்கொண்ட நிபந்தனை பிழைத்தாலும் பெரிதாகக் கெடாத முறைகளை 'உறுதியானவை' என்ற சொல்லால் குறித்தார். சொல் நிலைத்துவிட்டது.

ஆபத்து எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதைக் காட்டியவர் அமெரிக்கரான ஜோன் ரூக்கி. கணனி உலகில் இன்று எல்லோரும் சொல்லும் 'பிட்' என்ற சொல்லை உருவாக்கியவரும் இவரே. தரவுகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று அளக்கும் இரண்டு முறைகளில், மணி வடிவம் துல்லியமாக இருந்தால் நியம விலகலே சுமார் 12 சதவீதம் திறமையானது என்று 1920 இல் றொனால்ட் பிஷர் நிறுவியிருந்தார். நாற்பது வருடங்களாக அது மறுபேச்சில்லாத உண்மையாக இருந்தது. 1960 இல் ரூக்கி வேறொரு கணக்கைக் காட்டினார். நல்ல தரவுகளுக்குள் மூன்று மடங்கு பரந்த தரவுகளைச் சிறிதளவு கலந்தால் என்ன ஆகும்? ஆயிரத்துக்கு இரண்டு கலந்தாலே பிஷர் சொன்ன நன்மை போய்விடுகிறது.

ஆயிரத்தில் இரண்டு பிழை வராத தரவு எங்கே இருக்கிறது? வழமையாகச் சேர்க்கும் தரவுகளில் நூற்றுக்கு ஒன்று முதல் பத்து வரை பெரும்பிழைகள் இருப்பது சாதாரணம் என்று பின்னாளில் பிராங் ஹம்பெல் என்ற அறிஞர் எழுதினார். அகதி விண்ணப்பத்தில் பிறந்த திகதி மாறி, பெயரும் தகப்பன் பெயரும் இடம் மாறி, அதோடு வாழ்க்கை நடத்துகிற எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

1963 இல் ரூக்கியும் மக்லாப்லினும், இரு முனைகளிலும் சில எண்களை வெட்டிவிட்டு மிகுதியின் சராசரிக்கு நம்பிக்கை ஆயிடை கட்டும் முறையைத் தந்தார்கள். அந்தக் கட்டுரை வெளிவந்ததும் அதே கல்கத்தா 'சங்க்யா'வில்தான். எங்கள் ஒன்பது குடும்பங்களில் கீழே ஒன்றையும் மேலே ஒன்றையும் வெட்டினால் மிகுதி ஏழின் சராசரி 131. அந்த நகரத்தின் வழமையான குடும்பத்துக்கு 330 ஐ விட இது கிட்ட இருக்கிறது.

1964 இல் பீற்றர் ஹூபர் இன்னும் ஒரு படி போனார். தூரத்து எண்ணை வெட்டியும் விடாமல், அப்படியே விட்டும் விடாமல், அதன் செல்வாக்குக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார். ஹம்பெலோ 1968 இல் பேர்க்லியில் எழுதிய தன் ஆய்வேட்டில், எத்தனை பங்கு தரவு கெட்டால் ஒரு முறை முற்றாக உடையும் என்று அளந்தார். சராசரியை உடைக்க ஓர் எண் போதும். இடையத்தை உடைக்கப் பாதித் தரவு கெட வேண்டும். இருவரும் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களாக இருந்தவர்கள். 1979 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராட்லி எப்ரொன், கையிலிருக்கும் மாதிரியில் இருந்தே கணனி மூலம் திரும்பத் திரும்பப் புதிய மாதிரிகளை எடுத்து ஆயிடை கட்டும் வழியைக் காட்டினார். அதன் பிறகு சூத்திரம் இல்லாத இடங்களிலும் எல்லை சொல்ல முடிந்தது.

பலூஜாவை என்ன செய்வது?

இதுவரை சொன்னது காசு, வாற்கோதுமைக் கணக்கு. மனித உயிருக்கு வருவோம்.

2004 செப்ரெம்பரில் ஓர் ஆய்வுக்குழு ஈராக்கில் 33 இடங்களை எழுமாறாகத் தெரிவு செய்து, ஒவ்வோர் இடத்திலும் 30 வீடுகளைக் குறிவைத்து, படையெடுப்புக்கு முன்னும் பின்னும் யார் யார் இறந்தார்கள் என்று விசாரித்தது. மொத்தம் 988 வீடுகளில் தகவல் கிடைத்தது. முடிவு அதே ஆண்டு 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. வழமையை விடக் கூடுதலாக 98,000 பேர் இறந்திருக்கிறார்கள். 95 சதவீத ஆயிடை 8,000 முதல் 194,000 வரை.

உடனே ஏளனம் கிளம்பியது. 8,000 எங்கே, 194,000 எங்கே, இதெல்லாம் ஒரு கணக்கா என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். ஆயிடைக்குள் இருக்கும் எல்லா எண்ணும் ஒரே அளவுக்குப் பொருந்தும் என்று நினைத்ததால் வந்த தவறு இது. நடுவில் உள்ள எண்களே தரவுக்குக் கூடப் பொருந்துபவை. ஓரங்களுக்குப் போகப் போகப் பொருத்தம் குறையும். அதைவிட முக்கியமானது, கீழ் எல்லைகூடப் பூச்சியத்துக்கு மேலே நின்றது.

இந்த ஆய்வில் இன்னொன்றும் நடந்தது. சீட்டில் விழுந்த 33 இடங்களில் ஒன்று பலூஜா நகரம். அந்த ஆய்வில் பதிவான வன்முறைச் சாவுகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே இடத்தில் இருந்து வந்தது. எங்கள் கணக்கில் வந்த அந்த 2,000 போல. ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? பலூஜாவை ஒதுக்கிவிட்டே 98,000 என்ற மதிப்பீட்டைச் சொன்னார்கள். கூடவே, ஒதுக்கியதையும், சேர்த்தால் எண் மிகவும் கூடும் என்பதையும் அதே பக்கத்தில் வெளிப்படையாக எழுதினார்கள்.

இங்கேதான் உறுதியான முறைகளின் மிகக் கடினமான பாடம் இருக்கிறது. விலகி நிற்கும் எண் எழுத்துப்பிழையாக இருக்கலாம். அல்லது குண்டு விழுந்த ஊராக இருக்கலாம். பலூஜாவில் 2004 ஏப்ரலில் கடும் சண்டை நடந்தது. அங்கே செத்தவர்கள் யாருடைய எழுத்துப்பிழையும் அல்லர். 2009 ஆம் ஆண்டு மே மாதம் முழு இலங்கையிலும் இப்படி 33 இடங்களைச் சீட்டில் எடுத்திருந்தால், முள்ளிவாய்க்கால் விழுந்திராமலே போயிருக்கலாம். விழுந்திருந்தாலோ, விலகி நிற்கும் எண் அதுவாகத்தான் இருந்திருக்கும். நாட்டின் பொதுவான நிலையைச் சொல்லும் மதிப்பீட்டில் ஓர் எண்ணை ஒதுக்கி வைக்கலாம். அறிக்கையில் இருந்து அதை அழிக்கக் கூடாது. ஒதுக்கியதைச் சொல்லாமல் விடுவது அழிப்பதற்குச் சமம்.

ஆயிடை சொல்லாத பிழை

2006 இல் அதே துறையினர் பெரிய அளவில் இன்னோர் ஆய்வு செய்தார்கள். வன்முறையால் மட்டும் சுமார் 601,000 பேர் இறந்ததாக அது சொன்னது. ஆயிடை சுமார் 426,000 முதல் 794,000 வரை. 2008 சனவரியில் உலக சுகாதார நிறுவனமும் ஈராக் அரச அமைப்புகளும் சேர்ந்து செய்த ஆய்வு வெளிவந்தது. ஏறக்குறைய அதே காலத்துக்கு 151,000 என்றது. ஆயிடை 104,000 முதல் 223,000 வரை. இரண்டு வலைகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஒரே மீனை இரண்டும் மூடியிருக்க முடியாது.

காரணம் என்ன? சீட்டுக் குலுக்கலால் வரும் பிழையை மட்டுமே ஆயிடை சொல்கிறது. ஆபத்தான இடத்துக்கு விசாரிப்பவர் போகாமல் விட்டாரா, அரச ஊழியர் கேட்கிறார் என்று பயந்து குடும்பம் மறைத்ததா, முழுக் குடும்பமே அழிந்து சொல்ல ஆளில்லாமல் போனதா, போன வீடுகள் உண்மையிலேயே எழுமாறாக எடுக்கப்பட்டனவா என்பதெல்லாம் அந்த இரண்டு எல்லைகளுக்குள் அடங்கா. 2006 ஆம் ஆண்டு ஆய்வின் களவேலை பற்றிப் பின்னர் கடும் விமர்சனங்களும் எழுந்தன. எவ்வளவு உறுதியான கணக்கும் சேர்த்த முறையின் ஓட்டையை அடைக்காது.

வன்னியின் எண்கள்

இனி எங்கள் பக்கம். 2009 இல் வன்னியில் இறந்தவர்களை அறிய எழுமாறான மாதிரி எடுத்து எந்தச் சுயாதீன ஆய்வும் அப்போது நடக்கவில்லை. நடக்க விடப்படவுமில்லை. ஆகவே நெய்மன் சொன்ன பொருளில் நம்பிக்கை ஆயிடை எங்களிடம் இல்லை. இருப்பவை வேறு வகை எண்கள். 2011 இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றது. 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை, 70,000 இற்கு மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்று கூறும் நம்பகமான தகவல்களைக் குறிப்பிட்டது.

2011 சனவரியில் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை, அரசின் ஆணைக்குழு முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் கச்சேரிப் பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்ததாக ஐ.நா. பதிவு செய்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேர் எங்கே என்று அவர் கேட்டார்.

இதை அப்படியே இறந்தவர் தொகை என்று சொல்வது சரியல்ல. கணக்கில்லாதவர் தொகை என்றுதான் ஆயரும் வைத்தார். நிவாரணப் பதிவில் ஒரே ஆள் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கலாம். பதியப்படாமலே வெளியேறியவர்கள் இருக்கலாம். ஆனால் இந்தக் கழித்தல் எவ்வளவு பிழையைத் தாங்கும் என்று நாங்களே பார்க்கலாம். முதல் எண் 10 சதவீதம் கூடுதலாக எழுதப்பட்டது, இரண்டாவது எண் 10 சதவீதம் குறைவாக எழுதப்பட்டது என்று இரண்டையும் எதிர்ப்பக்கத்துக்குச் சாதகமாகவே வைப்போம். அப்போதும் 75,535 பேர் மிஞ்சுகிறார்கள். இது நம்பிக்கை ஆயிடை அல்ல. கேள்வியின் உறுதியைச் சோதிப்பது மட்டுமே. இன்னும் பெரிய பிழை இருந்தது என்று சொல்பவர் பதிவேட்டைத் திறந்து காட்டட்டும்.

பட்டியல்களை வைத்தே மதிப்பீடு செய்யும் வழியும் உண்டு. தனித்தனியே சேர்த்த இரண்டு பட்டியல்களில் நூறு நூறு பெயர் இருக்கிறது என்று வையுங்கள். ஐம்பது பெயர் இரண்டிலும் இருந்தால் மொத்தம் சுமார் 200. ஐந்து பெயர் மட்டும் பொதுவாக இருந்தால் மொத்தம் 2,000 வரை இருக்கலாம், எந்தப் பட்டியலிலும் வராதவர்களே பெரும்பகுதி. 2018 டிசெம்பரில் பற்றிக் போல், பிரான்சிஸ் ஹரிசன் இருவரும் இந்த வகையில் பட்டியல்களை ஒப்பிட்டு, 2009 மே 17 முதல் 19 வரையான மூன்று நாட்களில் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் சுமார் 500 பேர் என்று மதிப்பிட்டார்கள். பெயர்கள் சரியாக எழுதப்பட்டிருந்ததால்தான் இது முடிந்தது.

ஆகவே நேயர்களே, இனி ஓர் எண் காதில் விழும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எப்படிச் சேர்த்தார்கள்? கீழ் எல்லை எது, மேல் எல்லை எது? விலகி நின்ற சிலவற்றை எடுத்துவிட்டாலும் முடிவு நிற்குமா? எங்கள் பக்கத்து எண்ணுக்கும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். கூட்டிச் சொன்னால்தான் உலகம் கேட்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு பெயர் பிழை என்று காட்டி முழுப் பட்டியலையும் தள்ளிவிடக் காத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கீழ் எல்லையைக்கூட யாராலும் அசைக்க முடியாதபடி சொல்லும் எண் பலமானது.

வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். காணாமல் போனவரின் முழுப் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, கடைசியாகக் கண்ட இடம், நாள், கண்டவர் யார் என்று எழுதுங்கள். நாள் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். 'தைப்பொங்கலுக்குப் பிறகு' என்றால் அப்படியே எழுதுங்கள். கேள்விப்பட்டதையும் கண்ணால் கண்டதையும் வேறு வேறாக எழுதுங்கள். என்றோ ஒருநாள் பட்டியல்களை ஒப்பிடுகிறவருக்கு அந்தக் கொப்பி தேவைப்படும்.